கருகல் வாடை

சூளகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மாத்திரைக் கம்பெனியில் ஜமீர் அகமது பதினாலு வருஷம் சால்வென்ட் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டார். மருந்துத் தூளைப் பிசைந்து குருணையாக்க ஸ்பிரிட் மாதிரி ஒரு திரவம் வேண்டும். அந்த டிரம்களைத் திறந்து அளந்து கொடுப்பதுதான் அவர் வேலை. சாயங்காலம் மத்திகிரி வீட்டு வாசலில் கால் வைக்கும்போதே அவர் மனைவி சுக்ரா, "சட்டைய வெளியவே கழட்டிப் போடுங்க, நெடி தாங்கல" என்பாள். அவருக்கு அப்படி ஒன்றும் தெரிந்ததில்லை.

போன வருஷம் கம்பெனியில் புது மெஷின் இறங்கியது. அதற்கு எந்தத் திரவமும் வேண்டாம். மருந்தையும், சூட்டில் மெழுகுபோல இளகும் ஒரு தூளையும் கலந்து ஒரு பக்கம் கொட்டினால், சூடான குழாய்க்குள் இரண்டு திருகுகள் அதை உருக்கிப் பிசைந்து மறுபக்கம் இடியாப்பம் போல இழை இழையாகத் தள்ளும். ஆறினதும் நொறுக்கி மாத்திரை அடிக்கலாம். உலர்த்துகிற வேலை மிச்சம், தீப்பிடிக்கிற பயமும் இல்லை. ஸ்டோரைப் பூட்டினார்கள். எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஜமீரும் மகிழ்ந்தார், ஆனால் அவருக்குத்தான் வேலை இல்லாமல் போனது.

"பெங்களூரு குடோனுக்குப் போறீங்களா, இல்ல இந்த மெஷினைக் கத்துக்கிறீங்களா?" என்று மேனேஜர் பிரேம்குமார் கேட்டார். மகள் இரம் பத்தாவது படிக்கிறாள். ஊரை விட்டுப் போக மனமில்லாமல் ஜமீர் மெஷினைக் கற்றுக்கொண்டார். ஆபரேட்டர் காவியாவோடு இரண்டு மாசம் நின்று பழகினார். அளவுக்கு மேல் சூடு ஏறினால் மருந்து கெட்டுவிடும் என்பதை அவள் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காவியா டீ குடிக்கப் போனாள். ஜமீர் இந்தப் பக்கம் தூள் கொட்டிக்கொண்டிருந்தார். ஸ்கிரீனில் சூடு சரியாகத்தான் காட்டியது. கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்த காவியா அங்கேயே நின்றுவிட்டாள்.

"பாய்! கருகுது! நிறுத்துங்க!"

அவர் சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டு மறுபக்கம் ஓடிப் பார்த்தார். வெள்ளையாக வரவேண்டிய இழை, டீத்தூள் நிறத்தில் வந்து விழுந்திருந்தது.

"காரிடார் வரைக்கும் அடிக்குதே, உங்களுக்கு வரலையா?"

"இல்லம்மா."

அப்படிச் சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே உறைத்தது. மாஸ்க்கைக் கழற்றினார். இழையை மூக்கருகே கொண்டுபோனார். மூச்சை இழுத்தார், இன்னும் இழுத்தார். வெறும் காற்றுதான் உள்ளே போனது.

அந்த பேட்ச் முழுக்கக் குப்பைக்குப் போனது. சூட்டைக் காட்டும் சென்சார் பழுது என்று மறுநாளே தெரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். காவியாகூட, "சென்சார்னு எழுதினாப் போதும் பாய், வேற எதுக்கு?" என்றாள். ஆனால் விசாரணையில் பிரேம்குமார், "அவ்வளவு நேரம் எப்படித் தெரியாமப் போச்சு?" என்று கேட்டபோது, ஜமீர் கையைக் கட்டிக்கொண்டு சொல்லிவிட்டார்.

"சார், எனக்கு வாசனையே வர்றதில்ல. எத்தனை நாளாவோ தெரியல."

பிரேம்குமார் பேனாவை மூடி வைத்தார். "டாக்டரைப் பாத்துட்டு வாங்க" என்றார். பார்த்துவிட்டுத் திரும்பி வரச் சொல்கிறாரா, வேலையை விட்டே போகச் சொல்கிறாரா என்று ஜமீருக்குப் பிடிபடவில்லை.

வீட்டில் சுக்ராவிடம் சொன்னார். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப இத்தனை வருஷமா என் குழம்புல மணமே இல்லன்னு சண்டை போட்டீங்களே?"

"அது என் மூக்குல இல்லாத மணம்டி. தப்பா நினைச்சுட்டேன்."

அவள் அழுதாள், சிரிக்கவும் செய்தாள். மறுநாள் கூடவே கிளம்பி வந்தாள்.

ஓசூர் காது மூக்கு டாக்டர் ஒவ்வொரு புட்டியாக நீட்டினார். காபித்தூள் மட்டும் எங்கோ தூரத்தில் இருப்பதுபோல வந்தது. "கொரோனா வந்துச்சா?" "ஊருக்கே காய்ச்சல் வந்தப்ப எனக்கும் வந்துச்சு சார்." "அதுவாவும் இருக்கலாம், பதினாலு வருஷம் சுவாசிச்ச சால்வென்ட் நெடியாவும் இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. தினமும் முகர்ந்து பழகுங்க, கொஞ்சம் திரும்பலாம்" என்றார்.

கம்பெனி அவரை அனுப்பவில்லை. சென்சாரை மாற்றி, சூடு எல்லை தாண்டினால் மணியடிக்க வைத்தார்கள். மோட்டார் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதையும் இழையின் நிறத்தையும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை பார்ப்பது ஜமீரின் வழக்கமாயிற்று. மெஷினுக்கான தினசரிச் சோதனைச் சீட்டில், தன் பெயருக்கு நேராக 'வாசனை அறிய இயலாது' என்று அவரே தன் கையால் எழுதினார்.

வருஷாந்திர மருத்துவப் பரிசோதனை வந்தபோது அவர் பிரேம்குமாரிடம் போய், "கண்ணு, காது எல்லாம் பாக்கறீங்க சார். மூக்கையும் பாருங்க. சால்வென்ட்ல இருந்தவன் நான் ஒருத்தன் இல்ல" என்றார். பிரேம்குமார் பரிசோதனைப் பட்டியலில் அதையும் சேர்த்தார்.

பரிசோதனை நாளன்று கம்பெனி டிஸ்பென்சரி வாசலில் பழைய ஆட்கள் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். ஸ்பிரிட் கலந்து மாத்திரைக்கு மேல்பூச்சு போட்டுவந்த கோட்டிங் செக்‌ஷன் மாதேஷ் உள்ளே போய் வந்து பெஞ்சில் ஜமீர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காபித்தூள்னு சொன்னாங்க பாய். எனக்கு அதுவும் வரல."

ஜமீர் அவர் தோளில் கைவைத்தார். "நாளைக்கு லீவு போடு. அந்த டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்."