அவள் டீயை அவளே போட்டுக்கொள்வாள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் எரிந்துபோன மோட்டாரை மோந்து பார்த்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். மோட்டார் பழுது பார்க்கும் இந்தப் பட்டறை தனி ஆளாக நான் எழுப்பியது. மோட்டாருக்குள் போகும் கம்பிச் சுருளை, எங்கள் பேச்சில் காயில், சுற்றுவதில் மட்டும் என்னைத் தோற்கடித்த ஒரு ஆள் உண்டு. என் தங்கை. கைச்சக்கரத்தில் செம்புக் கம்பியை ஓட்டும்போது சுற்றை எண்ணும் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். மனதுக்குள் எண்ணுவாள். எண்பத்தாறு சுற்று என்றால் எண்பத்தாறுதான்.

இருபத்தாறு வயதில் அந்த எண்ணிக்கை கெட்டது. சுற்றியதை அவிழ்ப்பாள், மறுபடி சுற்றுவாள், மறுபடி அவிழ்ப்பாள்.

"ஏண்டி இப்படி உசிர வாங்கற?"

"நான் நாப்பதுங்கறேன், அவன் முப்பத்தெட்டுங்கறான் அண்ணே."

"எவன்?"

சுவரைக் காட்டினாள். அங்கே காற்றாடி மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு டீயில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று பிடித்துக்கொண்டாள். என் மனைவி நீட்டிய தம்ளரை ஜன்னல் வழியே கவிழ்த்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மனச்சிதைவு என்று சொல்லி, தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா.

பத்து நாளில் சுவரிலிருந்தவன் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டான். எங்கள் கை டீயையும் மறுபடி குடிக்க ஆரம்பித்தாள். ஆனால் தங்கையால் உட்கார முடியவில்லை. வாசலிலிருந்து வார்னிஷ் டப்பா வரை, டப்பாவிலிருந்து வாசல் வரை. நின்றால் கால் மாற்றிக் கால் மாற்றி மிதிப்பாள். சாப்பாடும் நின்றபடிதான். குதிகாலில் கொப்புளம்.

"கால்ல எறும்பு ஓடுது அண்ணே. தோல உரிச்சுப் போட்டுட்டு ஓடிடலாம்போல இருக்கு."

"செத்த நேரம் உக்காரு, சரியாப் போயிடும்."

"உக்கார முடிஞ்சா நான் ஏன் நடக்கறேன்?"

நோய் ஏறுகிறது என்றே நினைத்தேன். டாக்டரம்மா வரச்சொன்ன தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கம்பியின் கனத்தைக் கூட்டிப்போட்டு எத்தனை மோட்டாரை ஓட வைத்திருக்கிறேன், இது என்ன பெரிய வித்தை? ஒன்றுக்குப் பத்தாதது இரண்டுக்கு அடங்கும். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று, இரண்டாவது மாத்திரையைப் பொடியாக்கி அவள் டீயில் போட்டேன்.

நடை இரட்டிப்பானது. ஐந்தாம் நாள் நான் கரண்டியால் மாத்திரையை நசுக்கும்போது பின்னால் வந்து நின்றாள். கத்தவில்லை.

"அப்ப நெசந்தானா?" என்றாள். "அவன் அப்பவே சொன்னான். நீங்கதான் எனக்குக் கிறுக்குன்னீங்க."

அன்றிலிருந்து மாத்திரையும் இல்லை, எங்கள் கையால் ஒரு வாய்ச் சோறும் இல்லை. வெளியே வாங்கிய ரொட்டியைப் பிரித்து மோந்து தின்றாள். நடை மட்டும் மெல்லக் குறைந்தது. ஒரு வாரத்தில் சுவரிலிருந்தவன் பழைய சத்தத்தோடு வந்துவிட்டான். இனி எந்த மாத்திரையை எப்படி அவள் வாயில் வைப்பது?

"ஊர் மோட்டாரெல்லாம் ரிப்பேர் பண்ணத் தெரியுது, டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தெரியலையா?" என்று மனைவி பிடித்துக்கொண்டாள். பிறகு தங்கையிடம் போனாள். "ஒங்கண்ணன் பண்ணின காரியத்த நீயே டாக்டர்கிட்ட போட்டுக் குடு, வா."

தங்கை உடனே செருப்பை மாட்டினாள்.

டாக்டரம்மா முதலில் அவளிடம்தான் பேசினார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஐயா, மூளையில சேதி கொண்டுபோற ரசாயனம் ஒண்ணு இருக்கு, டோபமைன்னு பேரு. ஒரு பக்கம் அது மிஞ்சிப் போனா, சும்மா கேக்கற சத்தம்கூட நமக்கே வந்த சேதி மாதிரி தோணும். அது போய் உக்கார்ற எடத்த மாத்திரை அடைக்குது. ஆனா கைகால் அசைவுக்கும் அதே ரசாயனம் வேணும். அங்கயும் சேத்து அடைச்சா சிலருக்கு இந்தத் தவிப்பு வரும். இது நோய் ஏறினதில்ல, மருந்து பண்ணின வேல. நீங்க அதையே கூட்டிட்டீங்க."

"நோய்தான் ஏறுதுன்னு நெனச்சேன்மா," என்றேன்.

"அவங்க சொல்றதெல்லாம் நோயோட பேச்சுன்னு தள்ளாதீங்க. எறும்பு ஓடினது நெசம். இந்தத் தடவ டீயும் நெசம்."

வேறு மருந்து, சின்ன அளவில் என்றார். தவிப்பு திரும்பத் தலைகாட்டினால் அதற்கும் மாத்திரை உண்டு, அன்றைக்கே வந்து சொல்லவேண்டும் என்றார். தங்கை மருந்துச் சீட்டைத் தொடவில்லை.

"மாத்திர யார் கையில இருக்கும்?"

"ஒங்க கையில."

"டீ?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "என் புத்தியச் செருப்பால அடிக்கணும். இனிமே ஒன் டீ பக்கமே வரமாட்டேன்," என்றேன். அவள் சீட்டை எடுத்து மடித்துக்கொண்டாள்.

இப்போது அவளுக்கு அறுபது நெருங்குகிறது. மாத்திரை டப்பா அவள் மேஜையில்தான். சுவரிலிருந்தவன் எப்போதாவது எட்டிப் பார்ப்பான். "இன்னிக்கு வந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு, அன்று மட்டும் மீட்டரைப் பார்த்துச் சுற்றுவாள். காயில் ஒன்றுகூடப் பிசகி வந்ததில்லை. இந்த வட்டாரத்தில் அப்படிச் சுற்ற இன்னொரு கை இருந்தால் காட்டுங்கள்.

டீயும் அவளேதான். எனக்கும் சேர்த்துப் போட்டு, பட்டறை ஆட்கள் முன்னால் நீட்டுவாள். "குடி அண்ணே, ஒண்ணும் கலக்கல."

அத்தனை பேரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வாயில் வைக்கும் முன் தம்ளருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வேன்.