பேச்சு நின்ற இடம்

அறுவை சிகிச்சைப் பிரிவில் அந்த நர்சுக்குக் 'காதுக்காரம்மா' என்று பெயர். டாக்டர் நோயாளியின் வயிற்றை அமுக்கும்போது தலைமாட்டில் நின்று காது கொடுப்பாள். ஒருவர் கூரை அதிர அலறினால், "கை படுறதுக்கு முன்னாடியே கத்துறார், பயம்தான் டாக்டர்" என்பாள். இன்னொருவர் மெல்ல 'ஸ்ஸ்' என்றால், "அதே இடத்துல மறுபடி பாருங்க" என்பாள். சொன்னால் சொன்னதுதான். வாயைத் திறக்காத அழுத்தக்காரர்களுக்கும் ஒரு வழி வைத்திருந்தாள். ஏதாவது பேசவிட்டு அமுக்கச் சொல்வாள். பேச்சு எங்கே தடுக்குகிறதோ அங்கே வலி.

அன்று மேசையில் படுத்திருந்தவர் அவள் கணவர். லாரி ஓட்டுகிறவர், சரியான வாயாடி. ஆனால் வலி என்றால் மட்டும் ஒரே வார்த்தை: "ஒண்ணுமில்ல." இரண்டு நாளாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார். அவளும் நம்பி வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அன்று காலை குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் அவர் நின்றபோதுதான் சுருக்கென்றது. ஊரார் முனகலுக்கெல்லாம் அர்த்தம் சொல்கிறவள் வீட்டில் கோட்டை விட்டாளே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

புது டாக்டர் அமுக்கினார். "வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

"இங்க?"

"லேசாக் கூசுது."

"வாயுவாத்தான் இருக்கும். மாத்திரை தரேன், வீட்டுக்குப் போகலாம்."

அவள் விடவில்லை. "இன்னொரு தரம் பாருங்க டாக்டர். ஏங்க, அந்த மெக்கானிக்கு என்ன பண்ணினான்னு சொல்லுங்க."

கேட்கவா வேண்டும்! "அவன் பெரிய களவாணி டாக்டர்..." என்று தொடங்கினார். கை இடப்பக்கம் அமுக்கியது. பேச்சு தங்குதடையில்லாமல் ஓடியது. வலப்பக்கம் கீழே வந்ததும், "கிளட்ச்சை மாத்தணும்னு..." என்று இழுத்தது. டாக்டர் கையைச் சட்டென்று எடுத்ததும் நின்றே போனது.

"கல்யாணமாகி இருபது வருஷமாச்சு டாக்டர். நான் தூங்கிட்டாக்கூட இவர் பேச்சைப் பாதியில விட்டதில்ல. அமுக்கினப்பவிடக் கையை எடுத்தப்பதான் வலி கூடுது, குடல்வால்தான். பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க."

மதியமே அறுவை நடந்தது. இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் வெடித்திருக்கும் என்றார் பெரிய டாக்டர்.

மறுநாள் இன்னொரு நர்ஸ் கட்டை மாற்ற வந்தாள். "வலிக்குதாண்ணே?"

"ஒண்ணு..." என்றவர் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். "வலிக்குதும்மா. ரெண்டு நாளாவே நல்லா வலிச்சுது."

அத்தனை வருடத்தில் அந்த வார்டில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதல்ல வலி ஊசியைப் போடு, அப்புறம் கட்டைப் பிரி" என்றாள்.