பெரியப்பா தொடங்கிய பாட்டு

என் கல்யாணத்தில் செத்தவீட்டுப் பாட்டுப் பாடினார்கள். இன்று சொன்னால் சிரிப்பீர்கள். அன்று பந்தலில் ஒருவரும் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் தாலி கட்டுமுன் ஒரு பதிகம் ஓதவேண்டும். ஈசனும் அம்மையும் ஓருடலாய் இருப்பதைச் சொல்லும் பதிகம். அதைக் கேட்ட பிறகுதான் மணமக்கள் இரண்டு பேரும் ஒருவரில் ஒருவர் பாதியாவார்கள் என்று நம்பிக்கை. அதை ஓத வரவேண்டிய ஓதுவார், காற்றுக்குத் தோணி விடாததால் மன்னார்த் தீவிலேயே நின்றுவிட்டார். வெள்ளைக்காரன் இன்னும் பாலம் போடாத காலம். உயிலங்குளத்தில் எங்கள் பந்தலிலோ முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் பெரியப்பாவைப் பிடித்தார்கள்.

பெரியப்பாவுக்கு அருமையான குரல். ஆனால் ஊரார் அவரைக் கூப்பிடுவதெல்லாம் செத்தவீடுகளில் சவத்துக்கு வாசனைப்பொடி இடிக்கையில் பாடத்தான். மனிதர் கண்ணை மூடினார், தொண்டையைச் செருமினார், வாய்க்குப் பழகிய பாட்டைத் தொடங்கிவிட்டார். மேளக்காரரின் கை நின்றது. அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. பெரியப்பா மட்டும் கண் திறக்காமல் உருகிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் தாய் கைம்பெண். அதனால் பந்தலின் ஓரத்தில் ஒதுங்கியிருந்தவர், சட்டென்று எழுந்தார்.

"என்ர மனுசனைத் தூக்கேக்க கேட்ட பாட்டு இது. இந்தச் சம்பந்தம் வேண்டாம். எழும்பு தம்பி."

மாப்பிள்ளை பாதி எழுந்துவிட்டார். திருக்கேதீஸ்வரத்தில் ஒருமுறைதான் அவரைப் பார்த்திருந்தேன். பிடித்துப்போயிருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்? மணப்பெண் தலை நிமிரக்கூடாது என்று காலையிலிருந்து படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நிமிர்ந்தேன்.

"மாமி, அதில சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சுவாமி குளிக்கிறதுக்கு வாசனைப்பொடி இடிக்க வாங்கோ எண்டு பெண்டுகளைக் கூப்பிடுற பாட்டு. எனக்கும் காலமை தலை தோய வார்த்துத்தானே இஞ்ச இருத்தினவை. ஒருக்கா முழுக்கக் கேளுங்கோ."

அப்போதுதான் பெரியப்பா கண் திறந்தார். செய்த வேலை விளங்கியதும் வெலவெலத்துப்போய் நிறுத்தினார். அவர் வீட்டில் பாடக் கேட்டுக் கேட்டே அது எனக்குப் பாடம். விட்ட இடத்திலிருந்து நான் தொடங்கினேன். பாதி பயம், பாதி கோபம். இரண்டாவது அடியில் பின்னாலிருந்த பெண்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். மாமி அழுதபடி நின்றார். ஆனால் போகவில்லை. மாப்பிள்ளை மெல்லத் திரும்பவும் மணையில் இருந்துவிட்டார்.

பாட்டு முடிந்ததும், அதையே பதிகமாக வைத்துக்கொண்டு, சபையின் ஆசிக்காகத் தாலித் தட்டைக் கொண்டுபோனார்கள். வழக்கப்படி மாமியிடம் நீட்டாமல் தட்டு அவரைக் கடந்தது. மாமி கை நீட்டி மறித்தார்.

"அண்டைக்கு அழுத அழுகையில ஒரு சொல்லும் காதில ஏறேல்லை, பிள்ளை. இண்டைக்குத்தான் கேட்டனான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, தட்டைத் தானே கொண்டுவந்து மகனிடம் நீட்டினார்.