‘தூங்குது’ என்ற சொல்

பேருந்துப் பணிமனையில் அப்பாவுக்கு சைலன்சர் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளி விழிப்பார். "சைலன்சர் அண்ணனா? அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று பட்டறைப் பக்கம் கை காட்டுவார். அதிகம் பேசாததால் வந்த பெயர் அது. கல்யாணமான புதிதில், இவருக்குக் காது கேட்காதோ என்று அம்மாவுக்கே சந்தேகம் இருந்ததாம்.

காது நன்றாகக் கேட்கும். அவர் தொழிலே காதுதான். பேருந்து வாசலில் திரும்பும்போதே, வேலை செய்யாமல் படுத்திருப்பது எந்த சிலிண்டர் என்று சொல்லிவிடுவார். இருபத்தாறு வருடம் டீசல் இன்ஜின்களைக் கேட்டுக் கேட்டு ஃபோர்மேன் ஆனவர்.

அந்தப் பணிமனையில் ஒரு வழக்கம் இருந்தது. இன்ஜினை அணைப்பவர் "தூங்குது!" என்று உரக்கக் கூவ வேண்டும். அந்தக் குரல் கேட்ட பிறகே மற்றவர்கள் சக்கரத்துக்கு அருகிலோ வண்டிக்கு அடியிலோ போவார்கள். நாள் முழுக்க வாய் திறக்காத அப்பாவும் இந்த ஒரு சொல்லை மட்டும் கூவுவார். இன்னொரு பழக்கமும் உண்டு. பழைய வண்டிகளின் கைப்பிரேக்கை யாரும் நம்புவதில்லை. இன்ஜினை அணைத்து, வண்டியைக் கியரில் விட்டுவிட்டு இறங்குவார்கள். "கியர்ல விட்டா மலையே நகராது" என்பார்கள்.

எங்கள் வீடு பணிமனைச் சுவருக்குப் பின்னால் இருந்தது. விடியும் முன்பே நாற்பது பேருந்துகளையும் உசுப்பிவிடுவார்கள். பிரேக்குக்குக் காற்று ஏறும்வரை அவை நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். புகை சுவரைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் இறங்கும். தெற்குப் பக்கத்து ஜன்னலை நாங்கள் திறந்ததே இல்லை. திறக்காத ஜன்னலின் விளிம்பிலும் தினமும் கரி படியும். அம்மா அதைத் துடைத்து, கறுத்த துணியை அப்பாவின் தட்டுக்கு அருகில் வைப்பாள்.

"உங்க ஆபீஸ்ல இருந்து கடுதாசி வந்திருக்கு," என்பாள்.

அப்பா துணியை நகர்த்திவிட்டுச் சாப்பிடுவார். ஆனால் ஒரு திங்கட்கிழமை பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சதுரம் சதுரமாகக் கிழித்தார். ஒரு துண்டைப் பின்சுவரில் நான்கு ஆணியடித்து மாட்டினார். சனிக்கிழமை அதைக் கழற்றி, ஓரத்தில் தேதி எழுதி, இன்னொன்றை மாட்டினார்.

"விரிப்பு போச்சு. அடுத்து தலையணை உறையா?" என்றாள் அம்மா.

"அதுவும் வெள்ளைதானே," என்றார் அப்பா. அந்த வாரம் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு வருடத்தில் ஐம்பத்தொரு துண்டுகள் சேர்ந்தன. மழை பெய்த வாரங்களின் துண்டுகள் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தன. எங்கள் தெருக்காரர்கள் அவற்றை நகரசபைக் கூட்டத்துக்கு எடுத்துப் போய் நீளமேசை மேல் வரிசையாக விரித்தார்கள். யாரும் சொற்பொழிவு ஆற்றவில்லை. அப்பா பின்வரிசையில், எண்ணெய் போகாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டு மாதம் கழித்து நான்கு பழைய வண்டிகளுக்குப் பதிலாக நான்கு மின்சாரப் பேருந்துகள் வந்தன, ஆறு மாதச் சோதனைக்கு. விபத்தோ பெரிய பழுதோ இல்லாவிட்டால் மேலும் இருபது வரும் என்றார்கள்.

பணிமனையில் பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. இன்ஜின் இல்லாத வண்டிக்கு மெக்கானிக் எதற்கு என்ற பயம். "யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட மாதிரி பண்ணிட்டீங்களே அண்ணே," என்று சங்கச் செயலாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார். என் மாமா, அம்மாவின் தம்பி, அங்கேதான் பேருந்து கழுவும் வேலையில் இருந்தார். அவர் மட்டும் சிரித்தார். "அத்தானுக்கு இப்பத்தான் துணை கிடைச்சிருக்கு. அதுவும் பேசாது, இவரும் பேசமாட்டாரு. ஜோடிப் பொருத்தம்."

மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் முக்கியமாகச் சொன்னது ஒன்று: இந்த வண்டி நிற்கும்போது சத்தமே போடாது. ஓட்டுநர் முன்னால் இருக்கும் பச்சை விளக்கு எரிந்தால் அது கிளம்பத் தயாராக இருக்கிறது. விளக்கு அணைந்தால்தான் அணைந்தது. அப்பா அதைக் குறிப்பேட்டில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார். அந்தக் குறிப்பேட்டை நான் பிறகு பார்த்தேன்.

நான்காவது மாதம், ஒரு பிற்பகல். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் எண் மின்சாரப் பேருந்தை அப்பாவே ஓட்டி வந்து கழுவும் மேடையில் நிறுத்தினார். தண்ணீர் வடிவதற்காக அந்த மேடைக்கு லேசான வாட்டம் உண்டு. கை பழகிய பழக்கத்தில் கியர் நெம்புகோலை முன்னே போகும் நிலையிலேயே விட்டார். கைப்பிரேக்கை இழுக்கவில்லை. வண்டியில் சத்தம் இல்லை, பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இறங்கி, "மச்சான், தூங்குது!" என்று கூவினார்.

மாமா ரப்பர் குழாயோடு முன்சக்கரத்துக்கு எதிரில் குனிந்தார்.

பேருந்து வேகமாகப் பாயவில்லை. நத்தை மாதிரிதான் நகர்ந்தது என்றார்கள். உறுமல் இல்லாததால் மாமா நிமிரவில்லை. சக்கரம் அவர் இடது பாதத்தின் மேல் ஏறி, அங்கேயே நின்றது. அப்பா ஓடிப் போய் அதைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. எடுக்கும்போதும் அது சத்தம் போடவில்லை.

மூன்று விரல்கள் போயின. கணுக்காலுக்குள் எஃகுத் தகடு வைத்தார்கள்.

மறுநாள் மருத்துவமனையில் அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மாமா கூரையைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "உங்கப்பா தினமும் ஒரே ஒரு வார்த்தைதான் சத்தமா சொல்லுவாரு. அதையும் தப்பா சொல்லிட்டாரு."

வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்திருப்பார். யாரும் சிரிக்கவில்லை. அவரே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான்கு பேருந்துகளையும் விபத்து நடந்த அன்றே ஓரம் கட்டிவிட்டார்கள். விசாரணைக்கு அப்பா எழுத்தில் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தின மாலை சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"அண்ணே, வண்டி தானா நகர்ந்துச்சுன்னு எழுதுங்க. அதுல என்ன பொய்? தானாத்தானே நகர்ந்துச்சு? உங்க வேலையும் தப்பிக்கும், அந்த நாலு சனியனும் ஊரைவிட்டுப் போகும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சைலன்சர்னு பேர் வச்சது சரியாத்தான் இருக்கு," என்று செயலாளர் எழுந்தார். "தவளையும் தன் வாயால கெடும். நீங்க வாயைத் திறக்காம இருந்தாலே பொழைச்சுப்பீங்க."

அவர் போன பிறகு அம்மா தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு நாளாக அவள் அப்பாவோடு பேசவில்லை. அடுக்களையிலிருந்து திரும்பி வந்து வாசற்படியில் நின்றாள்.

"என் தம்பி காலுக்கு யார் பொறுப்புன்னு எனக்குத் தெரியணும். பஸ்ஸுன்னு எழுதிக் கொடுத்துட்டா, நான் யார்மேல கோபப்படுறது? அந்தத் தகரத்து மேலயா?"

அப்பா என்னைப் பார்த்து, "பேனா எடு," என்றார்.

வாக்குமூலம் அலுவலக மொழியில் இருக்க வேண்டும்; எங்கள் ஊரில் அது தமிழ் இல்லை. அப்பாவுக்கு அந்த மொழி பேச வரும், எழுத வராது. பள்ளியில் இரண்டு மொழியும் படித்தவள் நான் என்பதால் அந்தப் படிவங்களையெல்லாம் நான்தான் நிரப்புவேன். அவர் தமிழில் சொல்லச் சொல்ல எழுதினேன். வண்டியை மேடையில் நிறுத்தியது, இறங்கியது, எல்லாம் எளிதாக வந்தன.

"தூங்குதுன்னு சொன்னேன்," என்றார்.

பேனா நின்றது. அந்தச் சொல்லுக்கு அலுவலக மொழியில் பொருள் கிடையாது. பேருந்துகள் அங்கே தூங்குவதில்லை. அதற்கு நேரான சொல்லாக எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதினேன். அழகான, சுத்தமான சொல். எந்த அதிகாரியும் அதில் குறை காணமாட்டார். எழுதிய பிறகுதான், அது என்ன செய்கிறது என்று எனக்கே புரிந்தது. புரிந்த பிறகும் நான் அதை அடிக்கவில்லை.

"இப்ப எழுதினதைத் தமிழ்ல சொல்லு," என்றார் அப்பா.

"வண்டியின் இயக்கம் நிறுத்தப்பட்டிருந்ததுன்னு எழுதியிருக்கேன்."

"யார் நிறுத்தினா?"

நான் அந்தச் சொல்லை விரலால் மறைத்தேன்.

"நான் நிறுத்தலயே. நிறுத்தின வண்டி நகர்ந்துச்சுன்னா வண்டிமேல தப்பு. அதுல தப்பு இல்ல."

"அப்பா, இதுதான் சரியான வார்த்தை. வேற வார்த்தை கிடையாது." என் குரல் எனக்கே நம்பிக்கையில்லாமல் கேட்டது. "வேலை போயிடும்ப்பா."

"வார்த்தை இல்லன்னா நீட்டி எழுது. சத்தம் வரலன்னு எழுது. சத்தம் இல்லாததால தூங்குதுன்னு நானா நினைச்சேன்னு எழுது. விளக்கைப் பாக்கலன்னு எழுது. கைப்பிரேக் போடல." பிறகு, "பயிற்சியில சொல்லிக் கொடுத்திருந்தாங்கன்னும் எழுது," என்றார்.

"அதையுமா?"

"அதை எழுதலன்னா மத்ததெல்லாம் சாக்கு மாதிரி ஆயிடும்."

மூன்று முறை எழுதினேன். முதல் தாளைக் கிழித்தது நான். இரண்டாவதில் மை கலைந்துவிட்டது. ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டியது ஏழு வரி ஆயிற்று. அம்மா அதுவரை வாசற்படியிலேயே நின்றிருந்தாள். அப்பா கையெழுத்துப் போட்டு முடித்ததும், "சாப்பிட வாங்க," என்றாள். இரண்டு நாளில் அவரிடம் அவள் கோபமில்லாமல் சொன்ன முதல் வார்த்தை அது. மன்னித்துவிட்டாள் என்று அதற்குப் பொருள் இல்லை.

வேலை முழுதாகப் போகவில்லை. ஃபோர்மேன் பதவியைப் பறித்து, இரண்டு படி இறக்கி, டயர் கழற்றும் பகுதியில் போட்டார்கள். கீழே இருந்தவர்கள் மேலே போனார்கள். சங்கச் செயலாளர் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பேருந்துகள் ஐந்து வாரம் ஓரமாக நின்று, பிறகு ஓட ஆரம்பித்தன. இருபது வரும் என்றார்களே, அதைப் பற்றி இன்னும் பேச்சு இல்லை. சோதனையை மட்டும் ஒரு வருடத்துக்கு நீட்டியிருக்கிறார்கள். சுவரில் வாரத் துண்டு இப்போதும் தொங்குகிறது. மற்ற முப்பத்தாறு வண்டிகளும் டீசலில்தான் ஓடுகின்றன. ஆகவே அது கறுப்பாகத்தான் இருக்கிறது.

'தூங்குது' என்று கூவுவதை விசாரணை அதிகாரி தடை செய்துவிட்டார். அந்த ஏழு வரியைப் படித்ததால்தான் அப்படிச் செய்தாராம். இப்போது அதற்குப் பதில் சிவப்புப் பலகைகள் இருக்கின்றன. பலகை முன்கண்ணாடியில் தொங்கினால்தான் வண்டியைத் தொடலாம். ஈரத் தரையில் நிற்க முடியாத மாமாவுக்குப் பலகைகளைக் காக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். கழுவும் மேடைக்கு அருகில் நாற்காலி போட்டு, காலை ஒரு மரப்பெட்டிமேல் நீட்டி உட்கார்ந்திருப்பார். அவரிடம் கேட்டு வாங்காமல் யாரும் பலகையை எடுக்க முடியாது.

போன வாரம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். மூன்றாம் எண் பேருந்துக்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது. அப்பா வண்டியை நிறுத்தி, இறங்கி, மறுபடி ஏறிக் குனிந்து பார்த்துவிட்டு, மாமாவின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். கையை நீட்டினார்.

மாமா பலகையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"என்ன அத்தான், விளக்கு அணைஞ்சிருக்கா?"

"அணைஞ்சிருக்கு."

"கைப்பிரேக்?"

"போட்டிருக்கேன்."

"கேட்டுச் சொல்றீங்களா, பாத்துச் சொல்றீங்களா?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா மாமாவின் காலைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார்.

"பாத்தேன்," என்றார். சத்தமாகவே சொன்னார்.

மாமா பலகையைக் கொடுத்தார்.