சாவி என்றார் பரமசிவம்

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், தில்லி மயூர் விஹார் வீட்டில் ஃபிரிட்ஜ் நின்றுபோனது. கதவைத் திறந்தால் விளக்கு எரிந்தது. ஆனால் உள்ளே பால் பாக்கெட் வெதுவெதுப்பாக இருந்தது. பின்னால் கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் முனகும், 'டிக்' என்று அடங்கும், சற்றுப் பொறுத்து மறுபடி முனகும்.

விசாலாக்ஷி மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். "கம்ப்ரஸர் கயா மேடம், நயா லே லீஜியே" என்று சொல்லி வைத்துவிட்டான்.

"கம்ப்ரஸர் போயிடுச்சாம், புதுசு வாங்கணுமாம்."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவள் கணவர் பரமசிவம் இடது கையால் நாற்காலியைத் தட்டினார். "இல்ல."

பொதுத்துறை நிறுவனமொன்றில் மின்பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். போன குளிர்காலத்தில் வந்த பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. புத்தி தெளிவுதான், சொற்கள்தான் இடம் மாறி வந்தன. தண்ணீர் கேட்க நினைத்துச் செருப்பு என்பார். ஆபீசுக்கு மெட்ரோ பிடிக்கும் அவசரத்தில் விசாலாக்ஷி, அவர் வாயெடுத்ததுமே "தண்ணிதானே?" என்று முடித்துவைப்பாள். உதவி செய்வதாகத்தான் நினைத்தாள். வரவர அவர் பேச்சு குறைந்ததை உடம்புச் சோர்வு என்று எடுத்துக்கொண்டாள்.

இன்று முடித்துவைக்க அவளிடம் எந்தச் சொல்லும் இல்லை.

"என்ன செய்யணும், சொல்லுங்க."

முதலில் ப்ளக்கைக் காட்டினார். பிடுங்கினாள். ஃபிரிட்ஜை இழுத்துத் திருப்பி, பின்தகட்டைக் கழற்றினாள். ஒரே தூசி.

"சாவி" என்றார்.

"சாவியா?"

எரிச்சலோடு தலையை ஆட்டினார். "சாவி... சாவி." பிறகு மடங்கிக் கிடந்த வலது கையின் பக்கவாட்டில் இடது விரலை ஒட்டவைத்துக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். கறுப்புக் கம்ப்ரஸரின் பக்கவாட்டில் சின்ன பிளாஸ்டிக் டப்பி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுவா?"

"ம்."

க்ளிப்பை நெம்பி உருவினாள். காதருகே ஆட்டச் சொல்லிச் சைகை காட்டினார். உள்ளே உடைந்த துண்டுகள் கலகலத்தன. கருகல் வாடை வேறு.

"இதுதான் கம்ப்ரஸரைக் கிளப்பிவிடறதா?"

அவர் தலையாட்டினார். சாவி என்றது அப்படியொன்றும் தப்பில்லை என்று அவளுக்குப் பட்டது.

டப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய், மார்க்கெட்டில் கடைக்காரரிடம் காட்டினாள். ரிலே என்றார், அதே மாதிரி புதியதை எடுத்துத் தந்தார். வந்து மாட்டி ப்ளக்கைச் செருகினாள். முனகல் எழுந்தது. 'டிக்' வரவில்லை. அவர் நாற்காலியை அருகே இழுத்துவிட்டாள். பரமசிவம் ஃபிரிட்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் எடுக்கவில்லை.

பால் திரிந்துவிட்டதால் கட்டன் சாயா போட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு அவர், "அந்த..." என்று நிறுத்தினார். சர்க்கரைதான். சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"மழை" என்றார்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

முதலில் சிரித்தது அவர்தான்.