கருகிய அலகு

என் பத்து வயதில், எத்தாளை ஊரிலிருந்த எங்கள் வீட்டில் வாப்பாவின் மீன் கத்தியைத் தீட்டும் உரிமை எனக்கு மட்டுமே இருந்தது.

ஓய்வுபெற்ற பள்ளி அதிபராகிய நான் இப்போது பொழுதுபோக்காகக் கத்தி செய்யப் பழகுகிறேன். நேற்றுச் சாணையில் அலகு சூடேறி, நீலம் பாய்ந்து கருகியது. அந்தக் கருகல் மணம் என்னைப் பழைய முற்றத்தில் நிறுத்தியது.

அன்று, பெரியப்பாவின் மகன் நிசார் நானா, வாப்பாவின் கத்தியை நீரில் நனைக்காமலே சாணையில் அழுத்தி, இனிக் கூர் நில்லாதபடி கருக்கிவிட்டார்.

"தம்பிதான் கருக்கினான், சாச்சா" என்று வாப்பாவிடம் என்னைக் காட்டினார்.

வாப்பா என்னை விசாரிக்கவில்லை. "இனி இவன் கத்தி தொடப்படாது" என்றார். மௌத்தாகிக் கண்மூடும்வரை என்னைத் தொடவிடவில்லை.

சென்ற வாரம் கலியாண வீட்டில், எல்லோர் முன்னும் நானா சிரித்தார்: "எனக்கும் ஒரு கத்தி செஞ்சு தாவன். சாச்சாட கத்தி மாதிரிக் கருக்கிப் போடாத."

நேற்றைய அலகின் நீலத்தைத் தேய்த்து மறைத்து, நல்ல பிடியிட்டு அவருக்கே அனுப்பினேன். இரண்டு மீனுக்குமேல் கூர் நில்லாது. இரண்டு கத்திகளையும் நானே கருக்கியதாக இனிச் சொல்வார்.

இதைக் கருக்கியவன் நான். வாப்பாவின் கத்தியைக் கருக்கியவர் அவர்.