வானொலி அக்கா வாயை மூடிய கதை

எங்கள் மருத்துவமனையின் மருந்தறையில் அக்காவுக்கு வானொலி என்று பெயர். அவர் வாயில் ஒரு ரகசியம் தங்கி நான் பார்த்ததில்லை. மேலாளர் தலையில் இருப்பது பொய்முடி என்று மூன்று மாடிக்கும் பரப்பியவர் அவர்தான். அதற்கு மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில், மேலாளருக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயரையும் உளறிவிட்டு வந்தார்.

இப்படிப்பட்டவரிடம் ஓர் ஆய்வை ஒப்படைத்தார்கள். சர்க்கரை நோய்க்கு வருஷக்கணக்காகக் கொடுத்துவரும் மலிவான மாத்திரை, புற்றுநோய் திரும்பி வராமல் தடுக்குமா என்று பார்க்கும் ஆய்வு. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியக்கூடாது, டாக்டருக்கும் தெரியக்கூடாது. புட்டியில் எண் சீட்டை ஒட்டி அனுப்பும் அக்காவுக்கு மட்டும் தெரியும். இந்த வேலைக்கு இவரைத் தேர்ந்தெடுத்த புண்ணியவானைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஆனால் ஆறு மாதம் ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. எங்களுக்கே சந்தேகம், அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்று.

ஏழாவது மாதம் ஆய்வில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பட்டியலில் அக்காவின் தங்கை பெயர் இருந்தது. மார்பில் கட்டியை எடுத்து, சிகிச்சையெல்லாம் முடிந்தவள். அக்காவிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று சொல்லாமலே ஆய்வில் சேர்ந்திருந்தாள்.

தங்கைக்கு எந்த மாத்திரை என்று பார்க்காமலே அக்கா நேரே தலைமை மருந்தாளரிடம் போனார்.

"சார், இந்த வேலைய வேற யாருக்காவது குடுத்துடுங்க. அவ என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிடுவா."

வேலை என் தலையில் விழுந்தது.

தங்கை சும்மா விடுவாளா? மருந்து வாங்க வந்த அன்றே ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"நிஜமாக்கா, மாவா? கண்ண மட்டும் சிமிட்டு, போதும்."

"சத்தியமா எனக்குத் தெரியாதுடி."

"உனக்கா தெரியாது! யாராவது நம்புவாங்களா?"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். தங்கை போன பிறகு அக்காவின் சிரிப்பு நின்றது, கண்ணீர் நிற்கவில்லை.

அந்தப் புட்டியில் இருப்பது என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். அதனால் அக்கா என் முகத்தைப் பார்ப்பதில்லை. "டீ வேணுமா?" என்றுகூட அலமாரியைப் பார்த்துத்தான் கேட்கிறார்.

நேற்று தங்கையின் அடுத்த புட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா?"

ஆறு வருஷப் பழக்கம், என்னால் இவரிடம் பொய் சொல்ல முடியாது.

"மூடிய ரொம்ப இறுக்காத. ஆபரேஷன் பண்ணின பக்கத்துக் கையில அவளுக்கு இன்னும் பலம் வரல."